11 மாசத்து பையன் என்ன விடமாட்றான், 13 வயசு பொண்ணு என்ன கிட்டயே விடமாட்றா... நான் வேலைக்கு போறதாலயா?

காட்பாடி அம்மா:

வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க, வீட்ல யார்கிட்டயும் பேச முடியல அதான் இங்க வரேன். எனக்கு ரெண்டு பசங்க. பெரியவ 13 வயசு, எட்டாவது படிக்கறா. 12 வருஷம் கழிச்சு சின்னவன் பொறந்தான், இப்ப 11 மாசம். நான் ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு கம்பெனில அக்கவுன்ட்ஸ் பாக்கறேன். பிரசவ லீவு ஆறு மாசம் முடிஞ்சு அப்புறம் சம்பளம் இல்லாம நாலு மாசம் இழுத்து போன மாசம் தான் திரும்ப ஜாயின் பண்ணேன். காலைல 8 மணிக்கு கெளம்பினா வீடு வர ராத்திரி 7 ஆயிடும். பையன மாமியார் பாத்துக்கறாங்க, நல்லா தான் பாத்துக்கறாங்க, அதுல குறை சொல்ல மாட்டேன்.

பிரச்சனை இன்னான்னா, ஆறு மாசம் வரைக்கும் யார் தூக்கினாலும் சிரிச்சிக்கினே போவான், தெருவே தூக்கி கொஞ்சும். இப்ப நான் பாத்ரூம் போனா கூட கதவ போட்டு அடிக்கறான். காலைல நான் ஹேண்ட்பேக்க எடுத்தாலே அவனுக்கு தெரிஞ்சிடுது, ஒரே கத்தல். அதனால என் ஓரகத்தி அவன கொல்லப்பக்கம் கோழி காட்ட தூக்கிட்டு போவா, நான் முன்வாசல் வழியா திருடி மாதிரி நழுவிடுவேன். சாயந்தரம் வந்தா தவழ்ந்து வந்து கால கட்டிக்கினு அழுவான், தூக்கினா ரெண்டு நிமிஷத்துல சரியாயிடுவான்.

பெரியவ நேர் எதிர். போன வருஷம் வரைக்கும் ஸ்கூல்ல நடந்தது ஒன்னு விடாம ஒப்பிப்பா, நான் தோசை சுட சுட பக்கத்துல நின்னு பேசிக்கினே இருப்பா. இப்ப ரூம் கதவ சாத்திக்கறா. சாப்ட்டியான்னு கேட்டா "ம்". மூக்கு மேல ஒரு பரு வந்துச்சு, அதுக்கு ரெண்டு நாள் ஸ்கூலுக்கே போகமாட்டேன்னு ரகளை, எல்லாரும் அதையே பாக்கறாங்களாம். பேரன்ட்ஸ் மீட்டிங்ல அவங்க மிஸ் நாலு பேர் முன்னாடி "அம்மா வேலைக்கு போனா பசங்க இப்படித்தான்"னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு பஸ்ல வரும்போது அழுதுட்டேன்.

இதுல ஓரகத்தி பையன் வேற, 5 வயசு. மோர் ஊத்தி குடுத்தா எனக்கு கம்மி அவளுக்கு ஜாஸ்தின்னு தெனமும் பஞ்சாயத்து. எங்க மாமியார் மூணு பேருக்கும் சேத்து சுத்தி போட்டுட்டாங்க, மொளகா நெடி கூட வரல, கண்ணு பட்டது உறுதியாம்.

எனக்கு தெரியவேண்டியது ஒன்னு தான். இதெல்லாம் நான் வேலைக்கு போறதால வந்ததா? விட்டுடலாமான்னு கூட யோசிக்கறேன்.

---

புத்தகப்புழு வேலூர்:

அக்கா, மொதல்ல ராஜினாமா லெட்டர கிழிச்சு போடுங்க. நான் சைக்காலஜி படிச்சுட்டு இங்க ஒரு ஸ்பெஷல் ஸ்கூல்ல வேலை பாக்கறேன், டாக்டர் இல்ல, தெரிஞ்சத சொல்றேன்.

உங்க பையன் ஆறு மாசத்துல யார்கிட்ட வேணா போனதுக்கு காரணம், கண்ணுல இருந்து மறைஞ்ச பொருள் எங்கயோ இருக்குங்கற நெனப்பு அப்ப அவனுக்கு கெட்டியா ஆகல. ழான் பியாஜேன்னு ஸ்விட்சர்லாந்து சைக்காலஜி ஆராய்ச்சியாளர், தன்னோட மூணு பசங்களயே வெச்சு இத பாத்தார். பொம்மைய துணி போட்டு மூடினா சின்ன குழந்தை அதோட விட்டுடும், சுமார் 8 மாசத்துக்கு மேல தான் துணிய இழுத்து தேடும். (அவருக்கப்புறம் வந்தவங்க இன்னும் சின்ன வயசுலயே கொஞ்சம் தெரியுதுன்னு காட்டிட்டாங்க, அது வேற கதை.) இப்ப நீங்க கதவுக்கு அந்தாண்ட இருக்கீங்கன்னு அவனுக்கு தெரியும், ஆனா எப்ப வருவீங்கன்னு தெரியாது, மணி பாக்க தெரியாது, "சாயந்தரம்"னா இன்னான்னு தெரியாது. பாதி தெரிஞ்சா தான பயமே வரும். பிரிவு பயம்னு சொல்வாங்க, 8 மாசம் வாக்குல ஆரம்பிச்சு ஒன்னே கால் ஒன்ற வயசுல உச்சத்துக்கு போயி அப்புறம் கொறையும். வீட்டோட இருக்கற அம்மாங்களோட பசங்களுக்கும் இது வரும் அக்கா.

அப்புறம் நீங்க எழுதினதுல ஒரு வரி இருக்கு, நீங்களே கவனிக்காம எழுதி இருக்கீங்க. தூக்கினா ரெண்டு நிமிஷத்துல சரியாயிடுவான்னு. அது தான் விஷயமே. மேரி எய்ன்ஸ்வொர்த்னு ஒருத்தவங்க 1950கள்ல உகாண்டா கிராமங்கள்ல அம்மா குழந்தைங்கள பாத்தாங்க, அப்புறம் அமெரிக்கால பால்டிமோர்ல ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு வயசு குழந்தை, ஒரு ரூம், பொம்மைங்க. அம்மா கொஞ்ச நேரம் வெளிய போவாங்க, தெரியாத ஆள் ஒருத்தர் வருவார், அம்மா திரும்ப வருவாங்க. எல்லாரும் நெனைப்பாங்க அம்மா போகும்போது அழுறான் பாரு அதான் கணக்குன்னு. அவங்க முக்கியமா பாத்தது அம்மா திரும்பி வரும்போது குழந்தை இன்னா பண்ணுதுன்னு. கிட்ட வந்து ஒட்டிக்கினு, சமாதானம் ஆகி, திரும்ப வெளையாட போச்சுன்னா ஒட்டுதல் கெட்டியா இருக்குன்னு அர்த்தம். வந்தத கண்டுக்காம பொம்மையவே நோண்டிக்கினு இருக்கறது, இல்ல எவ்ளோ தூக்கினாலும் ஆறாம அடிச்சிக்கறது, அது தான் யோசிக்க வேண்டியது. இதுல ஒன்னு, கண்டுக்காம இருந்த குழந்தைங்களோட இதய துடிப்ப அளந்தப்ப அதுவும் ஏறித்தான் இருந்துச்சாம். அழலன்னா சமத்துன்னு சொல்லிட முடியாது.

வேலை விஷயத்துக்கு வரேன். அமெரிக்கால 1991ல ஆரம்பிச்சு 1,300க்கு மேல குழந்தைங்கள பொறந்ததுல இருந்து தொடர்ந்து பாத்த பெரிய ஆராய்ச்சி ஒன்னு இருக்கு. அம்மா தவிர வேற ஆள் பாத்துக்கறதால மட்டும் ஒட்டுதல் கெடலன்னு தான் அதுல வந்துச்சு, அம்மாவே குழந்தையோட குறிப்ப கவனிக்காம இருந்து அதோட பாத்துக்கற இடமும் மோசமா இருந்தா தான் சிக்கல். அது அமெரிக்கா, அங்க நெறைய பேருக்கு டே கேர், உங்களுக்கு வீட்ல பாட்டி இருக்காங்க, அதனால அப்படியே எடுத்து இங்க ஒட்ட முடியாது. ஆனா உங்க மிஸ் சொன்னதுக்கு அந்த அளவு கூட ஆதாரம் இல்ல.

மோர் பஞ்சாயத்து பத்தி அப்புறம் எழுதறேன், அது எனக்கு ரொம்ப புடிச்ச டாபிக்.

---

குடியாத்தம் ஆயாம்மா:

கண்ணு, எனக்கு டைப் பண்ண வராது, பேத்தி தான் நான் சொல்ல சொல்ல எழுதுது. நான் 31 வருஷம் அங்கன்வாடில இருந்து ரிட்டையர் ஆனவ.

நீ அந்த முன்வாசல் வழியா நழுவறத மொதல்ல நிறுத்து. நான் எத்தன பிள்ளைங்கள பாத்துட்டேன், சென்டர்ல விட்டுட்டு அம்மாக்காரி ஏமாத்திட்டு ஓடிடுவா, அந்த புள்ள அப்புறம் கோழி பாக்கறப்ப கூட கழுத்த திருப்பி திருப்பி அம்மா இருக்காளான்னு பாத்துக்கினே இருக்கும். எப்ப காணாம போவாளோன்னு. சொல்லிட்டு போன புள்ள நல்லா கத்தும், பத்து நிமிஷம் கத்தும், அப்புறம் மூக்க சிந்திட்டு வெளையாட போயிடும். போயிட்டு வரேன்னு சொல்லு, தெனமும் ஒரே மாதிரி சொல்லு, டாடா காட்டு, திரும்பி பாக்காம போ. நீ அழுதுக்கினு நிக்காத, அது உன் மூஞ்சிய தான் பாக்கும்.

வீட்ல இருக்கறப்ப முந்தானைய மூஞ்சில போட்டுக்கினு எங்க அம்மான்னு கேளு, எடுத்துட்டு தோன்னு சொல்லு. நம்ம ஆளுங்க எல்லாரும் வெளையாடறது தான். மறையுது, வருது, மறையுது, வருது. அது வெளையாட்டு இல்ல கண்ணு, அது பாடம்.

அப்புறம் 11 மாசம்னு சொல்ற, கை நீட்டி எதாச்சும் காட்டறானா? கோழி பாத்தா விரல் நீட்டி அத பாரு, அப்புறம் உன் மூஞ்சிய பாருன்னு பண்றானா? பேர் சொன்னா திரும்பறானா? பா பா மா மான்னு எதாச்சும் சத்தம் போடறானா? எங்களுக்கு ட்ரெயினிங்ல சொல்வாங்க, ஒரு வயசு ஆகியும் மழலை சத்தமோ கை காட்டறதோ இல்லனா, ஒன்னே கால் ஒன்ற வயசுக்கு ஒரு வார்த்தை கூட வரலனா, ரெண்டு வயசுல "பால் குடு" மாதிரி ரெண்டு வார்த்தை சேத்து வரலனா, இல்ல பேசிக்கினு இருந்தது எந்த வயசுலயா இருந்தாலும் நின்னு போச்சுன்னா காட்டிடணும். அவங்கப்பனும் லேட்டா தான் பேசினான்னு சொல்லி ஒக்காந்துடக் கூடாது. எங்க சென்டர்ல ஒரு பையனுக்கு அப்படித்தான் ரெண்டு வருஷம் போச்சு, இன்னிக்கும் எனக்கு மனசு ஆறல. உன் புள்ள ஹேண்ட்பேக்க பாத்தே நீ கெளம்பறத கண்டுபுடிக்குது, கெட்டிக்காரன், பயப்படாத. சும்மா ஒரு தடவ பாத்துக்கோ.

மாமியார்கிட்ட மொளகா சுத்தறத நிறுத்த சொல்லாத. அவங்களுக்கும் பயம் தான அது.

---

பழைய ஆளு:

எங்கம்மா ஏழு பெத்தாங்க, கழனி வேலைக்கு போயிட்டு வந்தாங்க. எங்களுக்கு எந்த சைக்காலஜியும் பாக்கல. நாங்க எல்லாம் வளரலயா? ரெண்டு சாத்து சாத்தினா கதவு தானா தொறக்கும்.

---

குடியாத்தம் ஆயாம்மா:

ஏம்பா, உங்கம்மா கழனிக்கு போனப்ப உன்ன இடுப்புல வெச்சிக்கினு இருந்தது உன் அக்கா தான? அவ எத்தனாவது படிச்சா? அத சொல்லு மொதல்ல.

---

ஆம்பூர் நைட் ஷிஃப்ட்:

ஆயாம்மா 🙏🙏

சிஸ்டர், நான் ஷூ கம்பெனில வேலை, எனக்கு 15 வயசு பையன். உங்க பொண்ணு கதவ தான் சாத்துது, எங்காளு என் பைக்க எடுத்துக்கினு பைபாஸ் வரைக்கும் போயிட்டான், ட்ரிபிள்ஸ். லைசன்ஸ் கெடையாது ஒன்னும் கெடையாது. இதுல விஷயம் இன்னான்னா நான் பின்னாடி ஒக்காந்து ஓட்ட சொல்லிக் குடுத்தப்ப 20 ஸ்பீட தாண்டல, பிரேக் புடிச்சி புடிச்சி ஓட்டினான், நானே வேகமா போடான்னு சொன்னேன். ரெண்டு ஃப்ரெண்டு ஏறினதும் 80. அடிச்சேன், அப்புறம் ஏன்டா அடிச்சோம்னு ராத்திரி பூரா தூக்கம் வரல மெஷின் முன்னாடி நின்னுக்கினே யோசிச்சேன். அவன் கெட்ட பையன் இல்ல. தனியா இருந்தா புத்தியா இருக்கான், கூட்டமா இருந்தா புத்தி எங்க போவுதுன்னு தெரியல. புத்தகப்புழு மேடம் இதுக்கு எதாச்சும் சொல்லுங்க.

---

புத்தகப்புழு வேலூர்:

அண்ணா நீங்க சொன்னத அப்படியே சோதனையா பண்ணி இருக்காங்க, கார்ட்னர், ஸ்டெய்ன்பெர்க்னு ரெண்டு பேர், 2005ல. வீடியோ கேம் மாதிரி ஒரு கார் ஓட்டற வெளையாட்டு, மஞ்ச லைட் விழுந்தா நிறுத்தறாங்களா போறாங்களான்னு. 13ல இருந்து 16 வயசு பசங்க, காலேஜ் வயசு பசங்க, 24க்கு மேல உள்ளவங்கன்னு மூணு குரூப். தனியா ஆடினப்ப பெரிய வித்தியாசம் இல்ல. பக்கத்துல ஃப்ரெண்ட்ஸ் நின்னதும் சின்ன பசங்க ரிஸ்க் எடுக்கறது எக்கச்சக்கமா ஏறிடுச்சு, பெரியவங்களுக்கு ஏறல. உங்க பையன் பைபாஸ்ல பண்ணதும் அதே தான். காரணம்னு சொல்றது, ஆசை, கிளர்ச்சி, நாலு பேர் மெச்சறது இத பாத்துக்கற மூளைப்பகுதி வயசுக்கு வந்ததும் சூடாயிடுது, நெத்திக்கு பின்னாடி இருக்கற நிதானிக்கற பகுதி 25 வயசு வாக்குல தான் முழுசா தேறுது. ஆக்சிலேட்டர் மொதல்ல வந்துடுது, பிரேக் பத்து வருஷம் கழிச்சு ஃபிட் பண்றாங்க. அதனால அட்வைஸ விட சாவிய ஒளிச்சு வெக்கறது தான் வேலை செய்யும், சொல்றதுக்கு வருத்தமா தான் இருக்கு.

அக்கா, பரு விஷயம். "எல்லாரும் அதையே பாக்கறாங்க"ன்னு உங்க பொண்ணு சொன்னது நடிப்பு இல்ல, அவளுக்கு நெஜமாவே அப்படித்தான் இருக்கும். டேவிட் எல்கின்ட்னு ஒருத்தர் 1967லயே இதுக்கு பேர் வெச்சார், கற்பனை பார்வையாளர்கள்னு தமிழ்ல சொல்லலாம். எப்பவும் மேடை மேல நிக்கற மாதிரி, கீழ ஊரே ஒக்காந்து பாக்கற மாதிரி. மத்தவங்க மனசுல இன்னா ஓடும்னு யோசிக்கற சக்தி புதுசா பெருசா வந்திருக்கு, ஆனா அவங்க எல்லாரும் தன்னப்பத்தி தான் யோசிக்கறாங்கன்னு தப்பா கணக்கு போடுது. பருவ பாத்து சிரிச்சிடாதீங்க. "ஒன்னும் தெரியலயே"ன்னும் சொல்லாதீங்க, தெரியுதுல்ல, பொய்னு கண்டுபுடிச்சிடுவா.

கதவு சாத்தறதுக்கு எரிக் எரிக்சன்னு ஒரு சைக்காலஜி அறிஞர் சொன்னது தான் எனக்கு புடிக்கும். அவர் வாழ்க்கைய எட்டு கட்டமா பிரிச்சார். மொதல்ல கைக்குழந்தைக்கு உலகத்த நம்பலாமா வேணாமாங்கற கேள்வி. அது உங்க பையன் இப்ப கேக்கறது. 12, 13 வயசுக்கு மேல நான் யாருங்கற கேள்வி. உங்க பொண்ணு அங்க வந்துட்டா. அந்த மனுஷனுக்கே பெத்த அப்பா யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாது, வளத்த அப்பா பேர சுமந்துக்கினு இருந்து அமெரிக்கா போனதுக்கப்புறம் எரிக்சன்னு தனக்கு தானே பேர் வெச்சிக்கினார். நான் யாருங்கற கேள்விய புத்தகத்துல படிச்சு எழுதின ஆள் இல்ல. ரூம் கதவுக்கு உள்ள அவ அந்த வேலைய தான் பாத்துக்கினு இருக்கா. பாதி நேரம் போன் பாக்கறா, அதுவும் உண்மை.

அக்கா பையனுக்கு சொன்னத தான் பொண்ணுக்கும் சொல்வேன். போறத பாக்காதீங்க, திரும்பி வர்ற நேரம் எதுன்னு பாருங்க. இந்த வயசுல தூக்கம் வரவெக்கற மெலடோனின் சுரக்கறதே ராத்திரி லேட்டாயிடும், அதனால பத்து பத்தரைக்கு மேல தான் நல்லா முழிச்சிக்கினு இருப்பாங்க, காலைல எழுப்பினா பேய் புடிச்ச மாதிரி இருப்பாங்க. நீங்க 7 மணிக்கு வந்ததும் வராததுமா ஸ்கூல்ல இன்னா நடந்துச்சுன்னு கேட்டா "ம்" தான் வரும். ராத்திரி தண்ணி குடிக்க வெளிய வருவா பாருங்க, அப்ப அங்க இருங்க. கேள்வி கேக்காதீங்க. எதாச்சும் துணி மடிச்சிக்கினு இருங்க.

இது எல்லாம் சாதாரணம்னு சொல்லிட்டேன், ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல சாப்பாடும் தூக்கமும் மாறி, ஃப்ரெண்ட்ஸையும் ஒதுக்கிட்டு, புடிச்சது எதுவுமே வேணாம்னு இருந்தா, இல்ல செத்துடலாம்ங்கற மாதிரி ஒரு வார்த்தை வந்தா கூட காத்துக்கினு இருக்காதீங்க. நமக்கு பாகாயத்துல சிஎம்சி மனநல பிரிவு பக்கத்துலயே இருக்கு, சின்ன பசங்களுக்குன்னு தனியா பாக்கறாங்க. காசு பிரச்சனைன்னா அடுக்கம்பாறை கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ். ராத்திரி நேரத்துல போன்லயே பேசணும்னா 14416, டெலி மானஸ், இலவசம், தமிழ்ல பேசுவாங்க.

இப்ப மோர். என் அக்கா பையன் 5 வயசு, போன ஞாயித்துக்கிழம தான் பண்ணி பாத்தேன். ஒரே மாதிரி ரெண்டு டம்ளர்ல மோர் ஊத்தி சமமான்னு கேட்டேன், சமம்னான். அவன் கண்ணு முன்னாடியே ஒன்ன ஒசரமான ஒல்லி கிளாஸ்ல மாத்தி ஊத்தினேன். இப்ப எதுல ஜாஸ்தி? ஒல்லி கிளாஸ்ல தானாம். திரும்ப பழைய டம்ளர்ல ஊத்தினேன், சமமாம். திரும்ப கிளாஸ்ல, ஜாஸ்தியாம். அஞ்சு தடவ பண்ணேன், அஞ்சு தடவயும் அதே பதில், முகத்துல ஒரு சந்தேகம் கூட இல்ல. பியாஜே பாரிஸ்ல பசங்களுக்கு டெஸ்ட் போட்டு மார்க் குடுக்கற வேலைல இருந்தப்ப தான் கவனிச்சாராம், ஒரே வயசு பசங்க ஒரே மாதிரி தப்பு பண்றாங்கன்னு. சரியான பதில விட அந்த தப்பு தான் அவருக்கு சுவாரசியமா போச்சு. 7 வயசு வாக்குல தானா சரியாயிடும். அதுவரைக்கும் உங்க ஓரகத்தி பையன் பேராசையும் இல்ல பொய்யும் இல்ல, அவன் கண்ணுக்கு நெஜமாவே கம்மி. ஒல்லி டம்ளர்ல ஊத்துங்க, பஞ்சாயத்து முடிஞ்சது. பிஸ்கட் கம்மின்னு அழுதா இருக்கறத ரெண்டா ஒடச்சு குடுங்க, ரெண்டு ஆயிடுச்சுல்ல 😄

---

ஆம்பூர் நைட் ஷிஃப்ட்:

பிஸ்கட் ஐடியா செம. என் தங்கச்சி பொண்ணுகிட்ட வேலை செஞ்சுச்சு. சாவி இப்ப அரிசி டிரம்முக்குள்ள இருக்கு.

---

நாலு பிள்ளைக்காரி ஆற்காடு:

காட்பாடி அக்கா ஒரு விஷயம், 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற இடத்துல குழந்தைங்க காப்பகம் இருக்கணும்னு 2017 பிரசவ சட்ட திருத்தத்துலயே கொண்டு வந்தாங்க, ஒரு நாளைக்கு நாலு தடவ போயி பாத்துட்டு வரவும் விடணும். உங்க கம்பெனில இருக்கான்னு கேளுங்க. எங்க கம்பெனில கேட்டப்ப ஒரு ரூம்ல பூட்டு போட்டு போர்ட மட்டும் மாட்டி வெச்சிருந்தாங்க, பத்து பேர் சேந்து போயி கேட்டதுக்கப்புறம் தொறந்தாங்க. தப்ப எல்லாம் அம்மா தலைல கட்றவங்க இத ஏன் பேச மாட்றாங்கன்னு எனக்கு புரியல.

---

காட்பாடி அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பத்து நாள் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கோங்க.

ஆயாம்மா, நீங்க சொன்ன மாதிரி இப்ப சொல்லிட்டு தான் கெளம்பறேன். மொத மூணு நாள் தெரு முனை வரைக்கும் அவன் கத்தறது கேட்டுச்சு, பஸ்ல ஏறியும் காதுல கேட்டுக்கினே இருந்துச்சு. நாலாவது நாள் மாமியாரே போன் பண்ணி "நீ பஸ் ஏறியிருக்க மாட்ட, அவன் கோழி பின்னாடி போயிட்டான்"னாங்க. இன்னும் அழுறான், கொறைஞ்சிருக்கு. கை காட்டறான், நேத்து ஃபேன காட்டினான். காப்பகம் கேட்டேன், ஹெச்ஆர் பாக்கறேன்னு சொல்லி இருக்காங்க, பாக்கலாம். மோர் இப்ப ஒல்லி டம்ளர்ல தான் போவுது.

பெரியவ விஷயத்துல துணி மடிச்சது தான் மிச்சம்னு நெனச்சேன், ஆறு நாள் ஒன்னும் பேசல. தண்ணி குடிச்சிட்டு போயிடுவா. முந்தாநாள் ராத்திரி 11 இருக்கும், பிரிட்ஜ்ல சாஞ்சிக்கினு நின்னா. நான் ஒன்னும் கேக்கல. தானா சொன்னா, "தம்பிகிட்ட மட்டும் டெய்லி போயிட்டு வரேன்னு சொல்ற." நான் நீ தூங்கிக்கினு இருப்பல்லன்னேன். "நான் முழிச்சிக்கினு தான் இருப்பேன், நீ வாசல் கேட்ட சாத்தற சத்தம் கேக்கும்"னா. அவ்ளோ தான், போயிட்டா.

நேத்தும் இன்னிக்கும் அவ ரூம் கதவ தட்டி போயிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேன். நேத்து பதில் இல்ல. இன்னிக்கு உள்ள இருந்து "ம்" வந்துச்சு. பஸ் வந்துடுச்சு, அப்புறம் எழுதறேன்.